தாயில்லாப் பிள்ளை தந்த விளையாட்டுப் பெட்டி

முன்பு என்னிடம் பாலபண்டித வகுப்பிற் பயின்ற மாணவி ஒருவர் இப்பொழுது முன்பள்ளி ஆசிரியையாக இருக்கின்றார். சில வாரங்களுக்கு முன் என்னைக் காண வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு தகரக் கொட்டில், விளையாட்டுச் சாமான் வாங்கக் கையிற் காசு இல்லை. காலை முழுவதும் பிள்ளைகளை என்ன செய்விப்பது, அதற்கு வேண்டிய பொருள்களை எங்கே தேடுவது என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி கேட்டார். நன்னூற் சூத்திரம் ஒன்றுக்கு உரை கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். நாலு வயதுப் பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது என்ற வினாவுக்கு எனக்கு விடை வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் பிள்ளை என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் பிரெடரிக் புரோபல். கிண்டர்கார்டன் என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் அவர் என்பது ஆசிரியர் கலாசாலைகளிற் படித்தோர் யாவர்க்கும் தெரியும். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அந்த மனிதர் பட்ட பாடு பரீட்சைக்கு வருவதில்லை. என் மாணவியின் வினாவோ, அவர் தம் வாழ்நாளின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளும் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டிருந்த வினாவாகும்.

புரோபல் 1782 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21 ஆந் திகதி, ஜேர்மனியின் நடுவிலுள்ள துரிங்கியா மலைநாட்டில், ஒபர்வைஸ்பாக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அங்கே கிறித்தவ போதகர். பல சிற்றூர்களின் ஆன்மிகப் பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. தாயார், பிள்ளைக்கு ஒன்பது மாதமாயிருக்கும்போதே இறந்துபோனார். வேலைக்காரரும் தமையன்மாருமே குழந்தையை வளர்த்தனர்.

சில ஆண்டுகளில் மாற்றாந்தாய் வந்தார். முதலில் அன்பாகவே இருந்தார். தமக்கென்று ஒரு மகன் பிறந்ததும் அந்த அன்பு வற்றிவிட்டது. இங்கே மொழி கற்பிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜேர்மன் மொழியில் உறவினரையும் குழந்தைகளையும் நீ என்று முன்னிலையில் அழைப்பர். அக்காலத்தில் அந்நியரையும் ஏவலாளரையும் அழைக்க வேறொரு வழக்கு இருந்தது: எதிரே நிற்பவனையே அவன் என்று படர்க்கையிற் சொல்லுவர். மாற்றாந்தாய் புரோபலிடம் நீ என்பதை விட்டு அவன் என்று பேசத் தொடங்கினார். முன்னிலை படர்க்கையாயிற்று. நாம் இதை இடவழு என்று ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவோம். அந்தப் பிள்ளை கடக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றபின், 1827 இல் மைனிங்கன் கோமகனுக்கென்று தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோதும் அந்த ஒரு சொல் மாறிய நாளை அவர் மறக்காமற் குறித்துவைத்தார்.

பிள்ளை மந்தமானவன் என்று தந்தையார் முடிவுகட்டினார். ஊர் ஆண்பிள்ளைகளின் பள்ளியாசிரியரோடு அவருக்கு ஒத்துவராமையாற் புரோபலைப் பெண்பிள்ளைகளின் பள்ளியிற் சேர்த்தார். வீட்டைச் சுற்றி மதிலும் வேலியும். வேலிக்குள் இருந்த தோட்டத்திற் களை பிடுங்குவதும் பூக்களை உற்றுப் பார்ப்பதுமே அவருடைய விளையாட்டு.

பத்து வயதில் அவரை மீட்டவர் தாய்மாமன். ஸ்டட்இல்ம் என்ற ஊரிற் போதகராக இருந்த அந்த மாமனார், மருமகனைத் தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று நாலு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். அங்கே ஆற்றங்கரையில் ஓடித்திரியலாம்; ஒத்த வயதுப் பிள்ளைகளோடு விளையாடலாம். தாய்மாமன் பெருமையை நம்மவர்க்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. எந்த நாட்டிலும் அது அப்படித்தான் போலும்.

பின்னர் வந்த இருபது ஆண்டுகள் அலைச்சல். 15 வயதில் ஒரு வனப்பரிபாலகரிடம் தொழில் பயிலச் சென்றார். அவர் தொழில் அறிந்தவர்; கற்பிக்க அறியாதவர். பிள்ளை காட்டிடமே பாடம் கேட்டது. 1799 இல் யேனாப் பல்கலைக்கழகம். அங்கே தமையன் ஒருவருக்குக் கடன் கொடுத்து, அது திரும்பி வராமையால் தாமே கடனாளியாகி, ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருந்தார். பின்பு நில அளவை, கணக்கு எழுதுதல் என்று கிடைத்த தொழிலையெல்லாம் செய்தார்.

1805 இற் கட்டடக்கலை படிக்கவென்று பிராங்பேட் நகருக்குப் போனவரை, அங்கே ஒரு மாதிரிப் பள்ளியை நடத்திய குரூனர் என்பவர் கண்டு, உமக்கு ஏற்ற தொழில் ஆசிரியத் தொழிலே என்றார். புரோபல் வகுப்பில் நின்ற முதல் நாளே அதை உணர்ந்துகொண்டார். நீரில் விடப்பட்ட மீன்போல இருக்கிறேன் என்ற கருத்துப்படத் தமையன் கிறிஸ்தோபுக்கு எழுதினார். சுவிற்சர்லாந்தில் இவர்டன் என்னுமிடத்திற் பெஸ்டலோசி நடத்திய பள்ளியை அவ்வாண்டிலேயே போய்ப் பார்த்தார்; பின் 1808 முதல் 1810 வரை, தாம் கற்பித்த மூன்று சிறுவர்களோடு அங்கேயே தங்கினார். பெஸ்டலோசியிடம் அவர் கண்டது அன்பும், பொருளைக் காட்டிக் கற்பிக்கும் முறையும். காணாதது, அம்முறைக்கு ஓர் ஒழுங்கு.

அந்த ஒழுங்கு அவருக்குக் கல்லிலே கிடைத்தது. 1812 இற் பேர்ளினுக்குச் சென்று, வைஸ் என்ற பேராசிரியரிடம் பளிங்குகளின் இயலைப் பயின்றார். அடுத்த ஆண்டு நெப்போலியனுக்கு எதிராக எழுந்த தொண்டர் படையிற் சேர்ந்தார். போரில் அவருக்குக் கிடைத்த பேறு இரண்டு நண்பர்கள்: லாங்கெதால், மிட்டென்டோர்ப். இருவரும் பின்னர் அவர் பள்ளிக்கு ஆசிரியராக வந்தனர். 1814 இற் பேர்ளினுக்கு மீண்டு, கனிப்பொருட் காட்சிச்சாலையில் வைசுக்கு உதவியாளரானார். கனசதுரமாகவும் பட்டகமாகவும் ஒழுங்கு தவறாமல் வளரும் பளிங்குகளை நாள்முழுதும் கையிலெடுத்துத் துடைத்து அடுக்கினார். உயிரில்லாக் கல்லும் உள்ளிருந்து ஒரு விதிப்படி வளர்கிறது. உயிருள்ள பிள்ளை எந்த விதிப்படி வளரும்? இந்த எண்ணம் அவரை விடவில்லை.

தமையன் கிறிஸ்தோப் 1813 இல், நோயுற்ற போர்வீரரைப் பராமரித்து அந்த நச்சுக்காய்ச்சலிலேயே இறந்துபோனார். அவருடைய மூன்று ஆண்பிள்ளைகள் தகப்பனில்லாதவர் ஆயினர். புரோபல் காட்சிச்சாலைப் பதவியை விட்டு, 1816 இற் கிறைஸ்கைம் என்ற சிற்றூருக்குச் சென்று, அந்த மூவரையும் இன்னொரு தமையனின் மக்கள் இருவரையும் வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். ஐந்து பெறாமக்களே முதல் மாணாக்கர். இவர்களுள் ஒருவன் பெயர் கார்ல். வாசகர் இப்பெயரை மனத்தில் வைத்துக்கொள்க.

அடுத்த ஆண்டு பள்ளி கைல்காவு என்ற கிராமத்துக்கு மாறி வளர்ந்தது. 1818 இற் புரோபல் கென்றியற் என்ற பேர்ளின் நங்கையை மணந்தார். 1826 இல் மனிதக் கல்வி என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அதனை ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் படித்திருக்கிறேன். இடையிடையே உரையாசிரியர் ஒருவர் வேண்டும் என்று தோன்றியது. எழுத்து அவருக்குக் கைவந்த கலையன்று. ஆயினும் விளையாட்டைப் பற்றிச் சொல்லும் பகுதியில் எல்லாம் வெளிச்சமாகிவிடுகிறது. விளையாட்டு வீண்பொழுது அன்று. குழந்தை தன் உள்ளத்தை வெளியே வைத்துப் பார்க்கும் செயல் அது என்பது அவர் கருத்து.

அரசியற் சந்தேகம் பள்ளியைப் பற்றிக்கொண்டது. கலகக்காரரை வளர்க்கும் இடம் என்ற பேச்சு எழுந்தது. அரசு அனுப்பிய பரிசோதகர் பாராட்டியே அறிக்கை கொடுத்தார்; எனினும் பெற்றோர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போயினர். 1831 இற் புரோபல் சுவிற்சர்லாந்துக்குச் சென்று சில ஆண்டு பள்ளிகள் நடத்தினார். பேர்க்டோர்ப் நகரின் அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்றபோது அவர் எண்ணம் ஒரு முடிவுக்கு வந்தது. பள்ளிக்கு வரும் வயதிலேயே பிள்ளை பாதி உருவாகிவிடுகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளை யாரும் கவனிப்பதில்லை. தம்முடைய முதல் ஆறு ஆண்டுகளை அவர் நினைத்திருக்க மாட்டாரா? நினைத்திருப்பார் என்றே நான் கொள்கிறேன்.

ஊருக்குத் திரும்பி, 1837 இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் அவர் புதுத் தொழில் தொடங்கினார். நம்மில் அந்த வயதினர் ஓய்வூதியக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் பந்து பின்னுவித்துக்கொண்டும் மரக்கட்டை அறுப்பித்துக்கொண்டும் இருந்தார்.

அப்பொருள்களுக்குக் கொடைகள் என்று பெயரிட்டார். முதற் கொடை ஆறு மெல்லிய கம்பளிநூற் பந்துகள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். கட்டித் தொங்கவிட நூலும் உண்டு. தாயின் மடியிலிருக்கும் குழந்தைக்கு இது. பந்து போகிறது, வருகிறது, மறைகிறது, தோன்றுகிறது. இல்லாமற் போனது மீண்டும் வரும் என்பதைக் குழந்தை முதலிற் படிப்பது இதில்தான். இரண்டாங் கொடை மரத்தாலான ஒரு கோளம், ஓர் உருளை, ஒரு கனசதுரம். கோளம் ஓடும், கனசதுரம் இருக்கும், உருளை கிடத்தினால் ஓடும், நிறுத்தினால் இருக்கும்.

மூன்றாவதில்தான் அவர் மேதை தெரிகிறது. பிள்ளை எதையும் உடைத்துப் பார்க்கும். நாம் அதற்கு அடிப்போம். புரோபல், உடைப்பதற்கென்றே ஒரு பொருளைச் செய்து கொடுத்தார். எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய கனசதுரம். பிரித்தால் எட்டு, கூட்டினால் ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து மெல்ல மேலே தூக்கினால் முழுக்கட்டை பிள்ளையின் முன் நிற்கும். அதைக் கலைத்துக் கதிரை செய்யலாம், படி செய்யலாம், பாலம் செய்யலாம். இவை வாழ்க்கை வடிவங்கள். நடுவில் நாலு வைத்துச் சுற்றிலும் நாலை நகர்த்திக் கோலம்போல் அமைக்கலாம். இவை அழகு வடிவங்கள். இரண்டு நாலு எட்டு, பாதி கால் அரைக்கால் என்று காணலாம். இவை அறிவு வடிவங்கள். ஒன்றை அழித்து மற்றொன்றைச் செய்யாமல், இருப்பதையே மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். ஒரு கட்டையும் ஒதுக்கப்படலாகாது. ஒதுக்கப்பட்ட பிள்ளையாக இருந்தவர் செய்த விதி இது என்பதை நான் நினையாமல் இருக்க முடியவில்லை.

நான்காவதில் எட்டுச் செங்கல் வடிவக் கட்டைகள். ஐந்தாவதும் ஆறாவதும் இன்னும் நுணுக்கமானவை; ஐந்தாவதில் இருபத்தேழு கனசதுரங்களுள் மூன்று இரண்டாகவும் மூன்று நான்காகவும் பிளக்கப்பட்டு, மொத்தம் 39 துண்டுகள். இவற்றுக்கு அப்பாற் பலகைத் தகடு, குச்சி, வளையம். பின்னர்த் தொழில்கள்: தாள் மடித்தல், தாளிற் கீலங்களாகப் பின்னுதல், முத்துக்குத்தித் தைத்தல், களிமண் பிடித்தல். ஊறவைத்த பட்டாணிக் கடலையைக் குச்சிகளாற் கோத்து வீடும் நாற்காலியும் கட்டுவது அவற்றுள் ஒன்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் கட்டாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் எந்தக் காலத்தில் இருந்தது? நம்முடைய பிள்ளைகளுக்கு அதை யாரும் கொடை என்று சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

இவ்வளவும் செய்த நிலையத்துக்கு ஒரு பெயர் அகப்படவில்லை. விளையாட்டு, செயல், குழந்தைப் பேணல் எல்லாம் அடங்க அவர் யோசித்த பெயர்கள் மூச்சு முட்டும் நீளமானவை. ஒருநாள் நண்பர்களோடு மலைப்பாதையால் நடந்துவருகையில், கீழே பள்ளத்தாக்கு ஒரு பெரிய தோட்டம்போல் விரிந்து கிடக்கக் கண்டு சட்டென நின்றார்; கிண்டர்கார்டன் என்று கூவினார். உடன் நடந்தவர் ஒருவர் இதனைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அப்பெயர் 1840 ஆம் ஆண்டு யூன் மாதம் 28 ஆந் திகதி நடந்த விழாவில் ஊரறிய வழங்கப்பட்டது.

குழந்தைத் தோட்டம் என்று தமிழில் ஆக்குவோமானால், இத்தொகையை எப்படி விரிப்பது? குழந்தைகளுக்குத் தோட்டம் என்றால் நான்காம் வேற்றுமைத்தொகை. குழந்தைகளே செடிகளாக நிற்கும் தோட்டம் என்றால் உருவகம். புரோபல் இரண்டையும் கருதினார். அவருடைய நிலையத்தில் மெய்யாகவே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி, எல்லாருக்கும் பொதுவாகச் சில பாத்தி. இக்காலத்திற் சில இடங்களிற் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. பாத்தியும் இல்லை, பிள்ளை ஓடியாட இடமும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுத்து அனுப்புகிறார்கள். இங்கே எந்த வேற்றுமையை விரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை வளர்ந்தது, பணம் வரவில்லை. பங்கு ஒன்று 10 தாலர் வீதம் வாங்கி உதவுமாறு ஜேர்மன் மகளிரை வேண்டினார். எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே சேர்ந்தது. துணைவியார் கென்றியற் 1839 இலேயே காலமாகிவிட்டார். புரோபல் ஊரூராகச் சென்று பேசினார். இளம் பெண்களைத் திரட்டிப் பயிற்றினார். சிறு குழந்தைக்கு ஆசிரியர் பெண்ணே என்பதும், அதற்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதும் அக்காலத்துக்குப் புதிய பேச்சு. 1844 இல் தாயும் சேயும் சேர்ந்து விளையாடும் பாட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். விரலையும் கையையும் அசைத்து ஆடும் ஆட்டங்கள் அதில் நிறைந்திருந்தன. காசு கொடுத்து வாங்கும் பொருள் ஒன்றும் வேண்டாத விளையாட்டுகள் அவை. நம் வீடுகளிற் சப்பாணி கொட்டுவதும் சாய்ந்தாடுவதும் போல. தாயின் முகமே தெரியாதவர் தாய்மார்க்கு நூல் எழுதினார்.

1849 இல் லீபன்ஸ்டைன் என்னும் ஊருக்குச் சென்று தங்கினார். நரைத்த தலைமயிர் தோளிற் புரள, ஊர்ப் பிள்ளைகளோடு கைகோத்து ஆடிப்பாடித் திரிந்த கிழவரைக் கண்டவர்கள் பைத்தியக்காரன் என்றனர். அங்கே நீராட வந்திருந்த பேர்த்தா பொன் மாறன்கொல்ட்ஸ் என்ற பிரபுகுலப் பெண்மணி அந்தப் பேச்சைக் கேட்டு, நேரிற் சென்று பார்த்தார். பார்த்தவர் வாழ்நாள் முழுதும் அவர் தொண்டரானார். அடுத்த ஆண்டு மரியன்தால் என்ற மாளிகையிற் பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1851 யூனில், தம் மாணவியாக இருந்த லூயிஸ் என்பவரைப் புரோபல் மணந்தார். அறுபத்தொன்பது வயதில் வாழ்வு ஒரு நிலைக்கு வந்தது.

இரண்டு மாதந்தான். 1851 ஆகஸ்டு 7 ஆந் திகதி புருசிய அரசின் கல்வியமைச்சர் பொன் ராவ்மர், தம் நாடெங்கும் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தார். அவை நாத்திகத்தையும் சமவுடைமையையும் பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றனவாம். 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கிலிகொண்ட அரசு அது. காரணம் காட்டியது எதை என்று பாருங்கள்: பெண்களின் உயர்பள்ளிகளையும் கிண்டர்கார்டன்களையும் பற்றிக் கார்ல் புரோபல் எழுதிய ஒரு சிறு நூலை. ஆம், 1816 இல் எந்தத் தகப்பனில்லாப் பிள்ளைகளுக்காகப் பதவியை விட்டாரோ, அந்தப் பிள்ளைகளுள் ஒருவனாகிய அதே கார்ல். அமைச்சர் பெறாமகனையும் சிறிய தகப்பனாரையும் ஒன்றாகக் கொண்டுவிட்டார். பெயர் மயக்கம்! பாடபேதத்தாற் பொருள் கெட்ட செய்யுள்களை நான் கண்டிருக்கிறேன். இங்கே ஒரு வாழ்வே கெட்டது.

புரோபல் அமைச்சருக்கு விளக்கம் எழுதினார்; அரசருக்கும் விண்ணப்பித்தார். அவன் வேறு, நான் வேறு என்பதைக் காட்டினார். தடை நீங்கவில்லை. தவறு என்று தெரிந்தபின்னும் ஆணையை மீட்டுக்கொள்ளாத அரசுகள் அந்த நாட்டில் மட்டுமா இருந்தன?

1852 இற் கோதா நகரிற் கூடிய ஆசிரியர் மாநாட்டுக்கு அவர் சென்றார். மண்டபத்துள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்றனர். அந்த ஒரு மரியாதையை அவர் கண்ணாற் கண்டார். யூன் மாதம் 21 ஆந் திகதி மரியன்தாலில் உயிர் நீத்தார். இறுதி நாள்களிலும் பூக்களை அருகில் வைக்கவும் சாளரத்தைத் திறந்துவிடவும் கேட்டார் என்பர். அருகிலுள்ள சுவைனா என்னும் ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. அதன்மேற் கனசதுரம், உருளை, கோளம் மூன்றும் கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

தடை 1860 இல் நீக்கப்பட்டது. பேர்த்தா அம்மையார் நாடு நாடாகச் சென்று பேசினார். லூயிஸ் அம்மையார் 1900 வரை வாழ்ந்து, கம்பேர்க் நகரில் ஆசிரியைகளைப் பயிற்றினார். அமெரிக்காவில் மில்ற்றன் பிராட்லி என்ற வணிகர் 1869 முதல் கொடைகளைப் பெட்டிகளாகச் செய்து விற்றார். 1876 இற் பிலடெல்பியாக் கண்காட்சியில் அவற்றைக் கண்ட ஒரு தாய் தம் மகனுக்கு வாங்கிக்கொடுத்தார். அந்த மகன் பிராங்க் லொயிட் ரைட் என்ற பெருங் கட்டடக்கலைஞராகி, முதுமையிலும் அந்த மரக்கட்டைகளின் தொடுகை விரலில் இருப்பதாக எழுதினார்.

ஆனால் வகுப்பறைகளிற் பெட்டி வந்தது. கிழவரின் ஆட்டம் வரவில்லை. இன்ன கொடைக்குப் பின் இன்ன கொடை, ஆசிரியை சொல்ல எல்லாரும் ஒரே நேரத்தில் இடக்கட்டையை வலத்தே வைக்க வேண்டும் என்று அது அணிவகுப்பாயிற்று. சிறு விரலுக்குச் சின்னஞ்சிறு கட்டை; கண்ணுக்கும் கைக்கும் களைப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை பற்றி ஸ்மித் கில் அக்கட்டளைகளை உதறிவிட்டு, பிள்ளைகள் உள்ளே புகுந்து விளையாடத்தக்க பெரிய கட்டைகளைச் செய்வித்தார். 1907 இல் உரோமாபுரியிற் குழந்தை இல்லம் தொடங்கிய மொண்டிசூரி அம்மையாரும் தமக்கென வேறு பொருள்களை ஆக்கினார். புரோபலின் அடியார்கள் சிலர் இவர்கள்மேற் சினந்தனர். புரோபல் சினந்திருப்பாரா? அவரும் ஓரளவு பிடிவாதக்காரரே. தம் விதிகளைத் தாமே மிகக் கட்டிவைத்தவர். சினந்துவிட்டு, பிள்ளைகள் அந்தப் பெரிய கட்டைகளில் ஏறி நிற்பதைப் பார்க்கப் போயிருப்பார்.

என் மாணவி கேட்ட பட்டியலை இன்னும் எழுதவில்லை. இதையே அவருக்கு அனுப்புகிறேன். பேரன் நேற்றுக் கட்டிய குரும்பட்டித் தேர் ஒன்றையும் உடன் வைக்கிறேன். எட்டுக் குரும்பட்டி, பதினொரு ஈர்க்கு. கலைத்தால் அவரே மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.